நிலக்கீழ் அறையில் மாரித் தண்ணீர்: உள்வடிகால் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் நிலக்கீழ் அறை வேண்டுமென்று திட்டம் போட்டு வீடு கட்டுபவர்கள் குறைவு. ஆனால் உவர்மலை மாதிரிச் சரிவான இடத்தில் காணி வாங்கினால் அது தானாக வந்து சேர்ந்துவிடும். தெருவில் நின்று பார்த்தால் ஒற்றைத் தட்டு வீடு. பக்கவாட்டில் படியிறங்கிப் போனால் மேட்டை வெட்டி உள்ளே தள்ளிக் கட்டிய இன்னொரு தட்டு இருக்கும். மூன்று சுவர் மண்ணோடு, ஒரு சுவர் வெளியே. அங்கே சாமான் அறை இருக்கும், படிக்கிற பிள்ளைக்கு ஓர் அறை இருக்கும், சில வீடுகளில் ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கும்.

ஆனி ஆடி வெயிலில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். கார்த்திகை பிறந்ததும் நிலைமை மாறும். இங்கே ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,600 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. சுவரும் தரையும் சேரும் மூலையில் முதலில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பிறகு ஓதம் ஏறும். மழை விடாமல் பெய்தால் கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

உள்வடிகால் என்பது அறையின் உட்புறத்தில் சுவரோரமாகத் தரையை வெட்டி, துளையிட்ட குழாயைப் பதித்து, ஊறி வரும் நீரைத் தரைக்கு மேலே எழ விடாமல் கீழேயே பிடித்து வெளியே அனுப்புவது. நிலக்கீழ் அறை அதிகமுள்ள குளிர்நாடுகளில் நன்கு தேறிய முறை இது. அங்கே பெரும்பாலும் ஒரு குழி தோண்டிப் பம்ப் வைத்துத்தான் முடிப்பார்கள். நம் சரிவு வீடுகளுக்கு அதைவிட நல்ல வசதி ஒன்று உண்டு: நிலமே சாய்ந்திருக்கிறது. குழாயைச் சரியாக இழுத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். இதைப் பார்க்காமல் பம்ப் வாங்க ஓடுவதில்தான் இங்கே பலருக்குக் காசு வீணாகிறது.

மாரியில் பார்த்துவைத்து, கோடையில் வேலை செய்யுங்கள்

நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் தரையை வெட்ட ஏற்ற காலம். ஆனால் எங்கே வெட்டுவது என்பதை மாரிதான் சொல்லும். ஆகவே இந்த மாரிக்கு ஒரு சோக்குக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முதலில் தலைகாட்டும் இடத்தில் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். எவ்வளவு உயரம் ஏறியது, மழை விட்டு எத்தனை நாளில் வற்றியது என்பதையும் சுவரிலேயே குறியுங்கள்.

இந்தக் குறிப்பிலிருந்து பாதி விடை கிடைத்துவிடும். மழை தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் நீர் வந்து, மழை விட்டதும் நின்றால், அது பெரும்பாலும் கூரையிலிருந்தோ முற்றத்திலிருந்தோ இறங்கும் மேல்நீர். அடைமழையின் இரண்டாம் மூன்றாம் நாள்தான் தொடங்கி, வெயில் எறித்த பிறகும் கசிந்துகொண்டே இருந்தால் அது நிலத்தடி நீர். உள்வடிகாலுக்கு உரிய வேலை. ஆடி மாதத்திலும் ஈரம் என்றால் மழையைக் குற்றம் சொல்ல வேண்டாம். குழாய் உடைப்பாகவோ தண்ணீர்த் தொட்டிக் கசிவாகவோ இருக்கலாம். எல்லா பைப்பையும் மூடிவிட்டு இரவு முழுக்க மீட்டரைப் பாருங்கள். முள் அசைந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

நாற்றத்தையும் கவனியுங்கள். நம் பக்கத்தில் மலக்குழியும் ஊறுகுழியும் வீட்டுக்கு வீடு உண்டு. மேட்டுக்காணியின் ஊறுகுழி உங்கள் சுவருக்குப் பின்னாலேயே இருக்கக்கூடும். வரும் நீரில் அந்த வாடை இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். வடிகால் போட்டால் கழிவுநீரை இன்னும் வேகமாக உங்கள் பக்கம் இழுப்பதாகத்தான் முடியும்.

ஈரம் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நனைந்தால் சுவருக்குள் நீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். நம் ஊரில் மண் சூடாகவே இருப்பதால் சுவர் வியர்ப்பது அபூர்வம். ஏசி போட்ட அறை என்றால் மட்டும் நினைவில் வையுங்கள்.

உடைக்கும் முன் வெளியே ஒரு சுற்று

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லீட்டர். 100 சதுர மீட்டர் கூரை மீது ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் 10,000 லீட்டர். மாரியில் இங்கே அது நடக்காத விஷயம் அல்ல. தாவாரத்தில் பீலி இல்லாவிட்டால், அல்லது பீலிக் குழாய் சுவரடியிலேயே முடிந்தால், அவ்வளவும் உங்கள் நிலக்கீழ்ச் சுவரின் முதுகில்தான் இறங்கும்.

பீலியைப் போட்டு நீரைச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். வீட்டைச் சுற்றிய மண் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், முதல் 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறக்கம் போதும். சரிவு வீட்டில் மேட்டுப்பக்கம் அப்படிச் செய்ய இடமிருக்காது. அங்கே சுவருக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி, மேட்டிலிருந்து வரும் நீரை இரண்டு பக்கமும் பிரித்து விடுங்கள். சில வீடுகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தீர்ந்தால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

ஏன் அடைத்துவிட முடியாது?

மேசனைக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: "அண்ணை, தரையை ஏன் உடைப்பான்? வோட்டர் புரூவ் ரெண்டு கோட் அடிச்சு விடுவம்." உட்சுவரில் அடிக்கும் பூச்சுக்குப் பின்னாலிருந்துதான் அழுத்தம் வருகிறது. நீர் தள்ளத் தள்ளப் பூச்சு கொப்பளித்து, உப்புப் பூத்து, உரிந்து விழும். சாதாரண ஓதத்துக்கு அது உதவலாம், ஊற்றுக்கு நிற்காது.

தரைக்கும் அப்படித்தான். கணக்கைப் பாருங்கள். 4 அங்குலக் கொங்கிரீட் தரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடை. சுற்றியுள்ள நிலத்தடி நீர் தரையின் அடிமட்டத்தைவிட 60 செ.மீ. உயர்ந்து நின்றால், கீழிருந்து சதுர மீட்டருக்கு 600 கிலோ அளவில் தள்ளும். எல்லா வெடிப்பையும் கச்சிதமாக அடைத்துவிட்டால் தரை படகு மாதிரி மேலே எழும்பப் பார்க்கும். கம்பி போடாத தரை நடுவில் பிளக்கும். மூலையில் கசிகிறதே அந்தக் கசிவுதான் இத்தனை நாளும் தரையைக் காப்பாற்றி வந்திருக்கிறது. உள்வடிகால் அந்தக் கசிவை நிறுத்துவதில்லை, அதற்கு ஒழுங்கான பாதை போட்டுக் கொடுக்கிறது.

எங்கே இந்த வேலையே வேண்டாம்

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையோர மணற்காணியில் தரைமட்டத்துக்குக் கீழே அறை இருந்தால் நான் வடிகால் போடச் சொல்ல மாட்டேன். மணலில் நீர் தடையின்றி ஓடும். நீங்கள் இறைக்க இறைக்கச் சுற்றுவட்டார நீரெல்லாம் வந்துகொண்டே இருக்கும். கூடவே பொடிமணலும் வரும். அத்திவாரத்துக்குக் கீழே வெறுமை விழுந்தால் ஓதத்தைவிடப் பெரிய ஆபத்து. உப்புநீர் பம்பையும் கம்பியையும் சும்மா விடாது. அங்கே தரையை நிரப்பி உயர்த்திவிடுவதுதான் மலிவு.

சுவர் உள்பக்கம் வளைந்திருந்தாலோ, படுக்கையாக நீளமான வெடிப்பு ஓடினாலோ முதலில் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். மண்ணின் தள்ளலுக்குச் சுவர் தோற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வாய்க்கால் வெட்டினால் அந்தச் சுவரின் காலையும் இளக்கியதாகும்.

முதலில் வாயைத் தேடுங்கள்

நீர் கடைசியில் எங்கே போய் விழும் என்பதை முடிவுசெய்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். அறைத் தரையைவிடக் குறைந்தது அரை மீட்டர் தாழ்ந்த இடம் உங்கள் காணிக்குள்ளேயே இருக்கிறதா? தண்ணீர் நிரப்பிய தெளிந்த ஹோஸ் ஒன்றை ஒரு முனை அறைக்குள்ளும் மறு முனை கீழ்க்காணியிலும் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். இடம் கிடைத்தால் பம்ப் தேவையில்லை. திறந்த சுவரின் அடியால் துளை போட்டு, 110 மி.மீ. பி.வி.சி. குழாயை வெளியே எடுத்து, சரிவில் விட்டுவிடலாம். அதற்கு மின்சாரம் வேண்டாம், பழுதாகும் பொருளும் இல்லை.

குழாய் வாய்க்கு வலை போடுங்கள். இல்லாவிட்டால் தவளையும் எலியும் குடியேறும். விழும் இடத்தில் கருங்கல் சில பரப்பினால் மண் அரிக்காது. பக்கத்துக் காணிக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ விட வேண்டாம். தெருக் கானில் விடுவதென்றால் உள்ளூராட்சி சபையில் கேட்டுவிட்டு விடுங்கள்.

வாய்க்கால் வெட்டுதல்

சாமான்களை வெளியேற்றிவிட்டு, ஈரம் வரும் சுவர்களை ஒட்டி 30 செ.மீ. அகலத்துக்குத் தரையில் கோடு அடியுங்கள். கிரைண்டரில் டயமண்ட் பிளேட் போட்டு அந்தக் கோட்டை வெட்டிய பிறகு பிரேக்கரால் உடைத்தால் மிச்சத் தரை வெடிக்காது. மூடிய அறையில் கொங்கிரீட் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். ஆனால் தண்ணீரும் கிரைண்டரும் சேரும் இடத்தில் டிரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள்.

இனி மண். இங்கே நின்று நிதானிக்க வேண்டும். நம் வீடுகள் பெரும்பாலும் கருங்கல் அத்திவாரத்தில் நிற்கின்றன. வாய்க்காலை அத்திவாரத்தின் ஓரமாகத்தான் வெட்ட வேண்டும். அதன் அடிமட்டத்துக்குக் கீழே அலவாங்கு போகக் கூடாது. முதலில் ஓரிடத்தில் மட்டும் சிறிய குழி தோண்டி அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துவிடுங்கள். ஆழம் குறைவென்றால் ஒரே நாளில் சுற்றிலும் திறந்து போடாமல், ஒரு மீட்டர் அளவு வெட்டி, கல்லும் குழாயும் போட்டு நிரப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். உவர்மலைப் பக்கம் இரண்டடியிலேயே பாறை தலைகாட்டலாம். பாறையை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே குழாய் படுக்கட்டும். பாறைப் பிளவிலிருந்து நீர் ஊறுவது தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள், அங்கே கல்லை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

சாய்வு 100க்கு 1 என்று வையுங்கள். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறையைச் சுற்றி 18 மீட்டர். தூரத்து மூலையை உச்சியாக வைத்து இரண்டு பக்கமாகப் பிரித்தால் ஒவ்வொரு கையும் 9 மீட்டர், இறக்கம் 9 செ.மீ. தான். ஒரே திசையில் சுற்றி வந்தால் 18 செ.மீ. ஆகிவிடும், கடைசி மூலையில் அத்திவாரத்துக்குக் கீழே போக வேண்டி வரும்.

கல், துணி, குழாய்

வெட்டிய வாய்க்காலின் அடியிலும் மண்பக்கத்திலும் ஜியோடெக்ஸ்டைல் துணியை, அதாவது நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணியை, விரியுங்கள். மேலே மடித்து மூடும் அளவுக்கு நீளம் விடுங்கள். அதன் மேல் 5 செ.மீ. கருங்கல் சல்லி, முக்கால் அங்குலம், கழுவியது. கழுவியது என்று அழுத்திச் சொல்கிறேன். லொறியில் வரும் கல்லோடு தூசியும் சேர்ந்தே வரும், அதை அப்படியே கொட்டினால் இரண்டு மாரியில் சேறாகி அடைத்துக்கொள்ளும். தாச்சியில் அள்ளி, தெளிந்த நீர் வடியும் வரை ஹோஸால் அடியுங்கள்.

துளையிட்ட குழாய் கடையில் கிடைக்காவிட்டால் 110 மி.மீ. குழாயில் நீங்களே துளைக்கலாம்: 8 மி.மீ. துளை, 10 செ.மீ. இடைவெளி, இரண்டு வரிசை; வரிசைகளுக்கு இடையே குழாய்ச் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. பிசிறைத் தட்டி எடுங்கள். குழாயை வைக்கும்போது துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், மணிக்கூட்டில் நாலு மணியும் எட்டு மணியும் இருக்கும் திசைகளில். மேலே பார்க்க வைப்பவர்கள் உண்டு. மழை மேலிருந்து விழுவதால் அப்படித் தோன்றுகிறது. இங்கே நீர் கீழிருந்து ஏறி வருகிறது. துளை கீழே இருந்தால்தான் அது தரைக்கு வருமுன் குழாய்க்குள் நுழையும்.

துணியைக் குழாயின் மேலேயே இறுக்கிச் சுற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பொடிமண் அந்தச் சின்னப் பரப்பில் வந்து சேர்ந்து சீக்கிரம் அடைக்கும். வாய்க்காலுக்கே துணி போட்டால் பரப்பு பலமடங்கு.

ஒவ்வொரு மூலையிலும் ஒரு டீ (T) இணைப்புப் போட்டு நிமிர்ந்த குழாயொன்றைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து மூடி போடுங்கள். அடைப்பு வந்தால் ஹோஸ் விட்டுக் கழுவ அது வேண்டும். சில இடங்களில் இரும்புச் சத்துள்ள நீர் வரும். செம்மஞ்சளாகச் சளி மாதிரிப் படியும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த மூடிகள் இல்லாமல் வடிகால் நெடுநாள் தாங்காது.

சுவரில் இறங்கும் நீர்

சுவர் புளொக் கல் என்றால் கல்லுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் நீர் தேங்கி நிற்கும். அடி வரிசையில், குழாய் மட்டத்துக்குச் சற்று மேலே, கல்லுக்கொரு துளை 12 மி.மீ. அளவில் போட்டால் அது வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். முதல் துளையில் பீறிட்டு வரலாம், பயப்பட வேண்டாம். கருங்கல் சுவருக்கும் அரிந்த கல் சுவருக்கும் இது தேவையில்லை. அவற்றுக்கு முன்னால் குமிழ் போட்ட பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, அடி நுனியை வாய்க்காலுக்குள் இறக்கினால் போதும். கசிவு தாளுக்குப் பின்னாலேயே வழிந்து இறங்கும்.

பம்ப் தவிர்க்க முடியாதவர்களுக்கு

நான்கு பக்கமும் மேடாக இருந்தால் குழி தோண்டத்தான் வேண்டும். மிகத் தாழ்ந்த மூலையில் 60 செ.மீ. விட்டம், 75 செ.மீ. ஆழம், பக்கத்தில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியோ கொங்கிரீட் வளையமோ இறக்குங்கள். அடியில் ஒரு செங்கல் வைத்து அதன் மேல் பம்பை நிறுத்தினால் மண்ணை உறிஞ்சாது.

எந்த அளவுப் பம்ப்? கடைக்காரரிடம் கேட்பதைவிடக் குழியைக் கேளுங்கள். வாடகைப் பம்ப் ஒன்றால் குழியைக் காலியாக்கி நிறுத்திவிட்டு, அடைமழை நாளில் ஒரு நிமிடத்தில் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 60 செ.மீ. விட்டக் குழியில் ஒரு செ.மீ. ஏறினால் ஏறத்தாழ 2.8 லீட்டர். நிமிடத்துக்கு 10 செ.மீ. என்றால் 28 லீட்டர். அதன் இரண்டு மடங்கை, நீங்கள் நீரை ஏற்ற வேண்டிய உயரத்துக்கு, தள்ளக்கூடிய பம்ப் வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லீட்டர் கணக்கு உயரமே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் உயரத்துக்கு ஏற்ற அளவு இருக்கும், அதைப் பாருங்கள்.

வெளியேற்றும் குழாயில் நொன் ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாயில் நிற்கும் நீர் திரும்பிக் குழிக்கே வந்து, பம்ப் மறுபடி ஓடி, இப்படியே அடித்துக்கொள்ளும். வால்வுக்குக் கீழே குழிக்குள் இருக்கும் குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று வேண்டும், காற்று அடைத்துக்கொண்டு பம்ப் வெறுமனே சுற்றாமல் இருக்க. நீர் ஏறியதும் பம்பை ஓடவைக்கும் மிதவையான ஃபுளோட் சுவிச் பக்கச் சுவரில் இடிக்காமல் தாராளமாக ஆட வேண்டும். பம்ப் பழுதாகும் காரணங்களில் இந்தச் சின்ன விஷயம்தான் முன்னால் நிற்கிறது.

பிறகு கரண்ட். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததே, அதைப் போன்ற இரவில்தான் குழி மிக வேகமாக நிரம்பும். மின்சாரம் போவதற்கும் அதுவே வாய்ப்பான நேரம். 370 வாட் மின்சாரம் இழுக்கும் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரியில் நலத்தோடு எடுக்கக்கூடியது பாதிதான். இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் பம்ப் தொடர்ந்து ஓட ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். மணிக்குப் பத்து நிமிடம் ஓடுகிற குழி என்றால் இரவு முழுக்கச் சமாளிக்கலாம். இடைவிடாமல் ஓடுகிற குழி என்றால் ஜெனரேட்டர்தான், அதையும் அறைக்குள் வைக்காமல் வெளியே வையுங்கள். புகை ஆளைக் கொல்லும். மோட்டர் தொடங்கும் கணத்தில் பலமடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டரைச் சற்றுப் பெரிதாகவே வாங்குங்கள்.

குழிக்கு இறுக்கமான மூடி கட்டாயம். குழந்தை விழாமல் இருக்க ஒன்று, நுளம்புக்கு ஒன்று. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டில் நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்க்கிற இடங்களில் இதுவும் ஒன்றாகிவிடும்.

மூடுவதற்கு முன் ஊற்றிப் பாருங்கள்

கொங்கிரீட் போட்ட பிறகு கண்டுபிடிக்கும் தவறுக்கு மறுபடி பிரேக்கர்தான் மருந்து. ஆகவே குழாயும் கல்லும் போட்டதும் உச்சி மூலையில் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வாயில் வந்து விழ வேண்டும். வழியில் எங்காவது தேங்கினால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது, தூக்கிக் கல் போடுங்கள்.

சரியென்றால் குழாய்க்கு மேல் 5 செ.மீ. அளவு கல் நிரப்பித் துணியை மடித்து, அதன் மேல் தடித்த பொலித்தீன் விரியுங்கள், சீமெந்துப் பால் கல்லுக்குள் இறங்காமல் இருக்க. பிறகு 7 முதல் 10 செ.மீ. கொங்கிரீட். பழைய தரையோடு ஒட்டும் ஓரத்தை நனைத்துவிட்டுப் போடுங்கள். சுவர்ப்பக்கம் மட்டும் ஒட்டக் கூடாது. குமிழ்த்தாளின் நுனி மேலே நீட்டிக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று மேசன் அதையும் சாந்தால் பூசிவிடுவார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஒரு கிழமை ஈரச் சாக்குப் போட்டுப் பதப்படுத்திய பிறகு சாமான்களைக் கொண்டுவரலாம். சுவருக்கு வர்ணம் அடிக்க அவசரப்பட வேண்டாம். மண்ணோடு ஒட்டிய சுவர் காய மாதக்கணக்காகும். பழைய பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவி, உப்பைத் தூரிகையால் உலர்வாகத் தட்டி விட்டு, ஒரு மாரி கழியட்டும். எண்ணெய் வர்ணம் போட வேண்டாம், சுண்ணாம்பு நல்லது.

இனி ஆண்டுக்கொரு தடவை, செப்டம்பர் கடைசியில், மூலை மூடிகளைத் திறந்து ஹோஸ் விட்டு, வெளியே வாயில் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். தெளிவாக வந்தால் மூடிவிடலாம். மணலாக வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க ஒக்டோபர் மழைக்கு முன் இரண்டு மூன்று கிழமை இருக்கும். பம்ப் உள்ளவர்கள் அதே நாளில் குழிக்குள் இரண்டு வாளி ஊற்றி, மெயின் சுவிச்சை நிறுத்தி இன்வெர்ட்டரிலும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.